ஒரு பேரு போதும்

முதல் வெட்டு தோளில் விழுந்தபோது பூமிநாதன் சாருக்கு வலிக்கவே இல்லை. பின்னாலிருந்து யாரோ ஓங்கி அறைந்த மாதிரிதான் இருந்தது. மொபெட்டோடு பரளச்சி ரோட்டில் சாய்ந்தார். இரண்டாவது வெட்டைத் தடுக்கக் கையைத் தூக்கினார், உள்ளங்கை பிளந்துகொண்டது. ஹெல்மெட் போட்டவன் அவர் வயிற்றில் மிதித்துக்கொண்டு மறுபடி அருவாளை ஓங்கினான். "எம்மவன் கையில கத்திரி வப்பியோ?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தாலும் குரல் குரல்தானே. தீபாவளி தவறாமல் அவர் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மச்சான், இன்னுங் கொஞ்சம் கறி போடச் சொல்லுங்க" என்று கேட்கிற குரல். தங்கை கனகலட்சுமியின் புருஷன் தங்கபாண்டி. பால் வண்டிச் சத்தம் கேட்டதும் பைக்கைக் கருவேலங்காட்டுக்குள் திருப்பிவிட்டான்.

எல்லாம் முந்தின நாள் பிரேயரில் நடந்ததற்கு. பையன்கள் சாதிக்கொரு கலராய் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு, வகுப்பிலேயே ரெண்டு கட்சியாக உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சார் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கயிறுகளை வெட்டக் கத்திரியை எடுத்துவிட்டார். தலைமையாசிரியர் மட்டுமா, ஊர்த் தலைவரும் அவர்தான். தன் சாதி ஆட்களை விட்டுவிட்டார் என்று ஒருத்தன் பேசிவிடக் கூடாதே என்று தங்கை மகன் பாண்டீஸ்வரனை முதலில் கூப்பிட்டு அவன் கயிற்றை வெட்டினார். மருமகன்தானே என்ற உரிமை. அங்கேதான் மனுஷன் சறுக்கினார். பிள்ளையின் அப்பன் அதை உரிமையாகவா எடுத்துக்கொள்வான்? படிப்பை நிறுத்திப் பொம்பளைப் பிள்ளைகளை வேலைக்கு ஏற்ற வந்த மில் வேனுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்து வழி மறித்தவர் அவர். மற்றச் சாதிக்காரர்கள் குடியிருக்கிற தெற்குத் தெருவின் பிருந்தாவைப் பிளஸ் டூ வரை இழுத்துக்கொண்டு வந்தவர். சொந்த வீட்டு ரோஷத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

பால் வண்டியில் ஏற்றி வந்து பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் அருப்புக்கோட்டையிலிருந்து வர வேண்டும். கனகலட்சுமி முந்தானையைச் சுருட்டி அவர் தோளில் அழுத்திப் பிடித்திருந்தாள். "எங்கண்ணன வெட்டுன கை அழுகிப் போக! அவன் வீட்ல எழவு விழ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வெளியே ஊரே கம்பும் அருவாளுமாகத் திரண்டிருந்தது. முன்னால் நின்றவன் தங்கபாண்டி. சட்டை மாற்றியிருந்தான்.

"ஒரு பேரு சொல்லுங்க மச்சான், போதும். தெக்குத் தெருவுல ஒரு ஓடு மிஞ்சாது."

கூச்சமே இல்லாமல் கண்ணைப் பார்த்துக் கேட்டான். தங்கைக்காகத் தான் வாயைத் திறக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும் என்பது சாருக்குப் புரிந்தபோது, வெட்டை விட அது அதிகமாக வலித்தது.

"வண்டியிலருந்து விழுந்துட்டேம்ப்பா."

"விழுந்தா கை ரெண்டாவா பொளக்கும்?" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

"யாருன்னு தெரியல."

அது இன்னும் வினையாகப் போயிற்று. "அவுகளுக்கே தெரியாத ஆளுன்னா தெக்குத் தெருக்காரன்தான்!" என்று கூட்டம் கிளம்பியது. ஒரு பெட்ரோல் கேன் கை மாறி முன்னால் போனது. அதற்குள் யாரோ கல்லை விட்டுவிட்டார்கள். தெற்கே ஓடு நொறுங்குகிற சத்தமும், ஒரு பொம்பளை வீறிடுவதும் கேட்டன. பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம். எல்லாம் அந்த வீடுகளுக்குள்தான் இருந்தன.

சார் தங்கையைப் பார்த்தார். அழுது அழுது மூக்குச் சிவந்திருந்தாள். இவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். 

முழங்கையை ஊன்றி எழுந்தார். பிரேயரில் பேசுகிற குரலை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டார்.

"நில்லுங்கடா! என்னைய வெட்டுனது எம் மாப்பிள்ள. இந்தா நிக்கிறானே, தங்கபாண்டி."

கூட்டம் நின்றது. கம்புகள் இறங்கவில்லை, திரும்பின. தங்கபாண்டி ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். "மச்சான்..." என்றான். 

கனகலட்சுமி அண்ணனையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. தோளை அழுத்தியிருந்த கையை எடுத்துத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அடங்கியிருந்த ரத்தம் பெஞ்சு விளிம்பில் இறங்கி, சிமெண்டுத் தரையில் சொட்ட ஆரம்பித்தது.