விளிம்புக்கு முன்னால் ஒரு வேலி

அலுவலகத்தில் அவனுக்கு 'வட்டம்' என்று பெயர். யார் என்ன கேட்டாலும் பலகையில் ஒரு வட்டம் போட்டுத்தான் பதிலை ஆரம்பிப்பான். தானியக் கிடங்குகளில் பிடிபடும் பூச்சியைப் படத்தில் பார்த்தே இனம் சொல்லும் நிரல் அவன் எழுதியது.

"பூச்சி வம்சம் கிளைவிட்டுப் பெருகிக்கிட்டே போகும். தட்டையான தாள்ல வரைஞ்சா நுனியில இடம் பத்தாது. இந்த வட்டம் வளைஞ்ச வெளி. விளிம்புக்குப் போகப் போக இடம் விரிஞ்சுக்கிட்டே இருக்கும். நடுவுல பெரிய குடும்பங்க, ஓரத்துல தனித்தனி இனங்க" என்பான்.

நிரல் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான படங்களுக்கும் பெயர் எழுதித் தந்தவர் பூச்சியக்கா. இருபது வருடமாகக் கையும் லென்ஸுமாக வாழ்ந்தவர்.

ஒரு கிடங்கில் அகப்பட்ட வண்டைப் பூஞ்சை தின்னும் சாதுவான இனம் என்றது நிரல். அது தானியத்தைக் குடையும் இனம். யாரும் மருந்தடிக்கவில்லை. மூன்றே வாரத்தில் மூட்டைக்குள் மிஞ்சியது வெறும் மாவு.

"மெஷினுக்கு என்ன தெரியும்? கத்துக்குடுத்ததைச் சொல்லுது. பேர் எழுதினதுலதான் கோளாறு" என்று மேலாளர் ஒரே போடாகப் போட்டார். அக்காவைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

மறுநாளே வட்டம் நிரலைக் குடைந்து பார்த்தான். குற்றவாளி ஒரே ஒரு வரி. விளிம்பை நெருங்கும் புள்ளிகளுக்கு எண்கள் கட்டுக்கடங்காமல் வீங்கிக் கணக்கே நின்றுபோகும். செயல்விளக்க நாள் நெருங்கிய அவசரத்தில், இன்ன தூரத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வேலி போட்டிருந்தான். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவன் மறந்தே போனான். ஓரத்தில் தள்ளித்தள்ளி நிற்க வேண்டிய இனங்களெல்லாம் வேலியோரம் முண்டியடித்துக்கொண்டு நின்றன. சாது வண்டும் குடையும் வண்டும் ஒரே இடத்தில். அக்கா எழுதிய பெயர்களில் ஒரு பிழைகூட இல்லை.

நேரே மேலாளரின் கதவு வரை போனான். உள்ளே அவர் போனில், "வட்டம் இல்லேன்னா இந்தத் திட்டமே இல்லைங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. வந்த வழியே திரும்பிவிட்டான்.

யாருக்கும் தெரியாமல் வேலியை எடுத்துவிட்டு, விளிம்புக் கணக்கு உடையாதபடி திருத்தி எழுதினான். நிரல் ஒவ்வொரு வண்டின் இனத்தையும் புட்டுப்புட்டு வைத்தது.

"பாத்தியா, அக்காவை மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சு!" என்று அலுவலகமே பேசியது.

வட்டமும் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த படத்தை நிரலில் ஏற்றினான்.

அக்காவை மாற்றிய பதினோராவது நாள் ஒரு பழைய கோப்புக்காக அந்த அறைக்குப் போக நேர்ந்தது. அக்கா புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட மூணு தடவை போயிட்டேன் தம்பி. கண்ணுல பெருசா ஒண்ணும் இல்லேங்கிறார். எனக்குத்தான் நம்பிக்கை வரல. உன் உழைப்பையும் சேத்துக் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதே."

"அக்கா, உங்க மேல தப்பே இல்ல. நான் போட்ட ஒரு வரிதான்..." என்று முழுவதையும் கொட்டினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது நாளே."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தப்பு யாருக்கும் வரும்டா. ஒன்பது நாள் என்னை அந்த டாக்டர் வாசல்ல உக்கார வச்சுட்டு, நீ இங்க..." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவன் நேரே மேலாளரிடம் போனான்.

"இப்பத்தான் நல்லா ஓடுதே, இதைப் போய் ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

"சொல்லணும் சார். அக்கா முன்னாலயே சொல்லணும்."

அன்று மதியமே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னான். கிடங்குக்காரருக்கும் தன் பெயரிலேயே கடிதம் எழுதினான். திட்டப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது. அக்கா தன் பழைய நாற்காலிக்கு வந்தார்.

திங்கட்கிழமை புதிதாக ஒரு வண்டு வந்தது. முன்பெல்லாம் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் அக்கா, அதை லென்ஸில் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு பக்கத்து மேசைப் பெண்ணிடம் நீட்டி, "நீயும் ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா" என்றார்.

நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த வட்டத்துக்கு அது தெளிவாகக் கேட்டது. அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.