ஒரு பியே சவிம்

அன்று எங்கள் கோடைக் கூடாரத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கல்திகுல், என் தம்பி எசென்கெல்தி, மகள் ஜானில், அவள் கணவன் தார்ஹான். வேறு ஒருவரும் இல்லை. பக்கத்து மேய்ச்சல்காரன் ஆற்றுக்கு அந்தப்புறம் இருந்தான்.

மாப்பிள்ளைக்கு அக்தாவில், எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்திருந்தது. நாட்டின் மறுகோடி அது. விடைபெற வந்த ஜானில் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"ஒரு பியே சவிம்தான்பா இருக்க முடியும். ரயிலப் பிடிக்கணும்."

"அப்படின்னா ஒரு மணி நேரமா?" என்று மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நகரத்தில் வளர்ந்தவன்.

எசென்கெல்தி சிரித்தான். "உங்க கடிகாரத்துக்கு மடி இருக்கா மாப்ள? பியேன்னா பெட்டைக்குதிரை, சவிம்னா கறவை. இப்பதான் கறந்து விட்டிருக்கோம். மடி நிறைஞ்சு அடுத்த கறவைக்கு வர்ற வரைக்கும் ஒரு பியே சவிம். நம்ம முப்பாட்டனுங்க நேரம் பார்த்தது இப்படித்தான்."

சாப்பிட்டோம். நான் சாலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். கட்டிக்கொடுத்த மகளை இன்னும் கொஞ்சம் இரு என்று கேட்பது எங்கள் குலத்தில் இல்லை.

எசென்கெல்தி குதிரைகளை ஓட்டிவர எழுந்தான்.

"உட்காரு."

"நேரமாச்சுண்ணே."

"கறந்தாத்தானே நேரமாச்சு? உட்காருடா."

"வாயத் தொறந்து 'இரும்மா'ன்னு சொன்னா தொப்பி கழண்டு விழுந்துடுமா?" என்றாள் கல்திகுல். மாப்பிள்ளை மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

கயிற்றில் கட்டியிருந்த குட்டிகள் கத்தத் தொடங்கின. சரிவிலிருந்து தாய்கள் கனைத்தன.

"அப்பா, குட்டிங்க கத்துது."

"கத்தட்டும்."

"மடி கட்டிக்கும்பா."

நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜானில் என்னையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு சட்டைக்கையை மடித்து, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குதிரைகளை அவளே ஓட்டிவந்தாள். ஒவ்வொரு குட்டியையும் முதலில் முட்டவிட்டு, பால் இறங்கியதும் விலக்கி, முழங்காலில் வாளியை வைத்துக் கறந்தாள். கூடாரத்துக்குள் உட்கார்ந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கடைசிக் குதிரையிடம் பால் நின்றுவிட்டது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. வெறும் மடியை வருடிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை மேல் இருந்த கோபத்தில், ஒரு வாய் பால்கூடக் கொடுக்காமல் மகளை விரட்டிவிட்டேன் என்று ஆற்றுக்கு அந்தப்புறம் பேசுகிறார்களாம். பொய். குதிரைகள் கறக்கப்பட்டன. கறந்தவள் என் மகள். மாப்பிள்ளை கிண்ணம் நிறையக் குடித்தான். அதற்குப் பிறகுதான் புறப்பட்டார்கள்.