தலிசாயின் வலது கால்

1.

இந்தக் கதை என் மடியில் தொடங்கியது. உவமை இல்லை, உண்மையாகவே மடிதான். ஒரு சேவலைத் துண்டால் சுற்றி மடியில் அமுக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்து வீட்டு நெனிங் அதன் கால்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். இதை எழுதலாமே என்று அப்போதே தோன்றிவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் தொடக்கம்: (குயிமாராஸ் தீவின் மாமரங்களுக்குப் பின்னால் பொன்னிறமாக விடிந்துகொண்டிருந்த அந்தக்) அடித்துவிட்டேன். பத்து மணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இரண்டாவது: (கோழிக் கால் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. செதில்களுக்கு அடியில் துளைத்துக் குடியிருக்கும். செதில் தூக்கிக்கொண்டு, பொருக்குத் தட்டி, அரிப்பில் கோழி தன் காலையே) இது கால்நடை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் தாள். ஆனாலும் இருக்கட்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

2.

சேவலின் பெயர் தலிசாய். நெனிங்கின் புருஷன் போரோயுடையது. போரோய் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நல்லவன். சேவல் விஷயத்தில் மட்டும் காது கேட்காது.

தலிசாயின் வலது காலில், பின்புறமிருக்கும் முள்ளுக்கு நேராக, ஒரு செதில் நடுவில் பிளந்திருந்தது. இந்தத் தீவில் சண்டைச் சேவல் வாங்குகிறவன் காலைத்தான் முதலில் படிப்பான். எங்கள் தெருவில் செதில் பார்ப்பவர் கிழவர் இஸ்கோ. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எதிரி கத்தி இதத் தாண்டி ஏறாதுப்பா. ஊர்த் திருவிழாவுக்கு இவனக் களத்துல இறக்கு.”

அன்றிலிருந்து அந்தக் காலை யாரும் தொடக்கூடாது. கால் தடித்து, செதில்கள் சுண்ணாம்பு பூசியதுபோலத் தூக்கிக்கொண்டபோது போரோய்க்கு ஒரே சந்தோஷம்.

“பாருடி, செதிலு எப்படி முத்துது! அதிர்ஷ்டம் ஊறுது.”

“ஊறுறது அதிர்ஷ்டமில்ல, உண்ணி. நொண்டுது, தெரியலையா? என் பெட்டைங்களுக்கும் ஒட்டிக்கிச்சு.”

“சரி, கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவிவிடறேன்.”

“மொதல்ல உன் கால்ல தடவிப் பாரு. அப்புறம் பேசு.”*

* நெனிங் சொன்னது சரி. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கதைக்கு இது தேவையில்லை. உங்கள் வீட்டில் கோழி இருந்தால் தேவைப்படும்.

3.

போரோய் வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்தோம். முதலில் பெட்டைகள், கடைசியில் தலிசாய். ஒன்றுக்கு வைத்தியம் பார்த்து மற்றதை விட்டால், மறுபடி எல்லாவற்றுக்கும் வந்துவிடும்.

காலை ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். துடைத்துக் காயவிட்டு, செதில் இடுக்குகளில் இறங்கும்படி தேங்காயெண்ணெயை வழிய வழியப் பூச வேண்டும். காற்றில்லாமல் உண்ணி செத்துப்போகும். சில நாள் விட்டு மறுபடி, மறுபடி, வாரக்கணக்கில். பொருக்கைப் பிய்க்கவே கூடாது. தானாகக் கழன்றால் ரத்தம் வராது. பிடுங்கினால் வரும்.

கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, அது கண்ண மூடிப் பிடிங்க,” என்றாள் நெனிங். துண்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அலகை. மடியில் சேவல் ஒருமுறை துள்ளியது.

“ஐயோ,” என்றாள் நெனிங்.

அவள் உள்ளங்கையில் அந்தப் பிளந்த செதில் இருந்தது. காலில் அது இருந்த இடத்தில் ஒரு துளி ரத்தம். அவள் உடனே எண்ணெயைப் பூசிவிட்டாள்.

4.

இங்கேதான் எனக்கு நெனிங்மேல் சந்தேகம் வந்தது. அவளை அப்பாவியாக ஒரு தடவை எழுதினேன், ஒட்டவில்லை. கெட்டிக்காரியாக எழுதினேன். (அவள் திட்டமிட்டே எல்லாச் செதில்களையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும்) அதுவும் முடியவில்லை. அந்த “ஐயோ” நிஜமாகத்தான் ஒலித்தது. கொஞ்சம் முன்கூட்டியே வந்ததோ என்னவோ.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புயலில் தாய்க்கோழி செத்தபோது, முட்டையிலிருந்து வெளிவந்த ஒற்றைக் குஞ்சைத் தன் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியவள் அவள். அந்தக் குஞ்சுதான் தலிசாய். களத்தில் தோற்ற சேவல் வீட்டுக்குத் திரும்பாது. ஜெயித்தவன் வீட்டில் பப்பாளிக்காயோடும் முருங்கைக்கீரையோடும் கொதிக்கும். திருவிழாவைப் பற்றி நெனிங் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. செதில் விழுந்த அந்த வாரம் முழுக்க அவள் முருங்கைக்கீரை மட்டும் சமைக்கவில்லை.

5.

விஷயம் இஸ்கோவிடம் போனது. கிழவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “தானா உதிர்ந்திருந்தா அதிர்ஷ்டம் எறங்கிப்போச்சு, இவனக் களத்துல விடாத. யாராச்சும் புடுங்கியிருந்தா அது எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு. தாராளமா விடு.”

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தலிசாய் கிழடாகி, வேலிமேல் நின்று கூவுகிறது. இன்னொன்றை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவது நான் எழுதவில்லை. அதுவே வாசலுக்கு வந்தது. போரோய் நின்றான், அக்குளில் தலிசாய். கீழே இறக்கிவிட்டான். எண்ணெய் மினுமினுக்கும் இரண்டு கால்களையும் ஊன்றி, நொண்டாமல் நின்றது.

“பாத்தீங்களா, என்னமா நிக்கிறான்!” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அக்கா, தானா விழுந்துச்சுன்னு நெனிங் சொல்றா. அவ சொன்னா நான் நம்பித்தான் ஆகணும், பொண்டாட்டியாச்சே. நீங்கதான் புடிச்சிட்டிருந்தீங்க. கதை எழுதுறவங்கதான், ஆனா எங்கிட்ட கதை விடாதீங்க. தானாவா விழுந்துச்சு?”

வேலிக்கு அந்தப் பக்கம் நெனிங் கோழிகள் அடையும் கொம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நின்றது.

நான் (

இந்தத் தீவில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் ரத்தத் துளியை உங்களிடம் சொன்னேன். அதைப் பார்த்தேன் என்று நெனிங்கிடம்கூடச் சொல்லவில்லை. அவளைத் தவிர, இப்போது பார்த்தவர்கள் நாம் இருவர். போரோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சேவல் மண்ணைச் சீய்க்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். தானாகவா விழுந்தது?