பச்சை விளக்கு மினுங்குகிறது

வீரம்மா போனில் முதலில் ஊற்று நீர் விழும் பீலியைப் பற்றித்தான் பேசினாள்.

"பீலியில தண்ணி சேறா வருது புள்ள. ஒரு துணி அலச முடியல. மேல எவனோ மண்ணு கொத்துறான் போல."

"இந்த மழையில யாரும்மா கொத்துவாங்க?"

"அதான் தெரியல. அமிர்தண்ணே பாத்துட்டு வர்றேன்னு போயிருக்காரு. நீ சாப்பிட்டியா?"

மகள் ஜெயந்தினி நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பினாள். ஹட்டன் நகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த அறையில் அவள் வேலை செய்தாள். மண்சரிவை முன்கூட்டி அறிவிக்கும் பெட்டிகளைத் தேயிலைத் தோட்டங்களில் பொருத்தும் சிறிய நிறுவனம் அது. மஸ்கெலியா பக்கத்தில் அவள் பிறந்த, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலேயும் ஒரு பெட்டி இருந்தது. அது மழையை அளக்கும். மழை எல்லை தாண்டினால் சைரன் அடிக்கும். லயத்து ஆட்கள் வெளியேறி, எதிர்மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

ஊற்று நீர் திடீரென்று கலங்கினால் மேலே மண் அசைகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அங்க மழை எப்புடிம்மா?"

"விடிஞ்சதுலேருந்து ஊத்துது. இன்னைக்கி கொழுந்தெடுக்க மலைக்கே போகல யாரும்."

ஜெயந்தினி திரையைப் பார்த்தாள். லயத்துப் பெட்டி காட்டிய மழை அளவு, காலையில் அவள் வந்து உட்கார்ந்தபோது இருந்த அதே அளவு. மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு மறுகரையில் இருந்த பெட்டியில் அது பலமடங்கு ஏறியிருந்தது. இரண்டுக்கும் நேரே 'இயங்குகிறது' என்றுதான் இருந்தது.

"அம்மா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே."

"சைரன் அடிக்கலையே."

"பெட்டி வேல செய்யலம்மா."

"யாரு சொன்னா? லைட்டு பச்சையா மினுங்குதே. நான் வாசல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே பேசுறேன். சும்மா கெளம்புங்கன்னா யாரு கெளம்புவா? போன தடவ நாங்க பட்டது போதாதா?"

போன தடவை மட்டுமல்ல. மழைமானியின் இணைப்பில் ஈரம் இறங்கும்போதெல்லாம் பெட்டி சிக்கி நிற்கும். சிக்கினால் தானாகவே மறுபடி தொடங்கும்படி அதை அமைத்திருந்தார்கள். தொடங்கும்போது சைரனைச் சோதிக்க ஒருமுறை நீளமாக ஊதும். அதைக் கேட்டுப் பெண்கள் கொழுந்துச் சாக்கை மலையிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்தால் கொழுந்து வாடிக் கிடக்கும். கங்காணி அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான், போடுவார். ஒரு தடவை, இரண்டு தடவை பொறுத்தார்கள். பிறகு தோட்டத் தலைவர் அமிர்தநாதன் பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்தார். கூடவே நாலைந்து பெண்கள். அதில் வீரம்மாவும் இருந்தாள்.

"பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி அதை வாய மூடிக்கிட்டுக் கெடக்கச் சொல்லுங்க," என்றார் அவர்.

ஜெயந்தினி அன்று தேநீர் ஊற்றும் சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டாள்.

நிறுவனம் இறங்கி வந்தது. தொடக்க ஊதல் குறுக்கப்பட்டது. லயத்தில் அதற்குக் கொட்டாவி என்று பெயர் வைத்தார்கள். சிக்கினாலும் பெட்டி மறுபடி தொடங்க வேண்டாம், குறித்து மட்டும் வைக்கட்டும் என்றும் முடிவானது. புதிய இணைப்பு வரும்வரைதான். இணைப்பு இன்னும் வரவில்லை.

"போன வைக்காதீங்கம்மா," என்றாள் ஜெயந்தினி.

அவள் அங்கிருந்தே பெட்டிக்குள் நுழைந்தாள். அது ஒரு சின்னக் கணினி. அதில் இரண்டு புரோசசர்கள். ஒன்று மழைமானியைப் படிக்கும். மற்றது செய்தியை ஹட்டனுக்கு அனுப்பும். இரண்டாவது நன்றாக இருந்ததால் உள்ளே நுழைய முடிந்தது. அதனால்தான் பழைய அளவும் புதிது போல வந்துகொண்டிருந்தது.

இயங்குதளத்தின் உட்கருவான கேர்னல் எழுதிவைத்த குறிப்புகளைத் திறந்தாள்.

கேர்னலுக்குள் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு புரோசசரிலும் ஒரு சின்ன வேலை இருக்கும். முறை வரும்போது ஓடி, வந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டுப் போகும். அதைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை. கடிகாரத் துடிப்பின்போது கேர்னல் அந்தக் குறிப்பைப் பார்க்கும். அது பழையதாக இருந்தால், ஏதோ ஒன்று புரோசசரைப் பிடித்துக்கொண்டு வேறு எதற்கும் முறை தராமல் சுற்றுகிறது என்று பொருள். அந்த நிலையிலும் துடிப்பு நிற்காது. பெட்டியின் பச்சை விளக்கு அந்தத் துடிப்பில்தான் மினுங்கியது. விளக்கு மினுங்குவதற்கும் மழை எண்ணப்படுவதற்கும் தொடர்பே இல்லை.

'புரோசசர் சிக்கியிருக்கிறது' என்ற வரி திரை முழுவதும் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் சிக்கியிருந்த நேரம் கூடிக்கொண்டே போனது. முதல் வரி விடியற்காலையில் எழுதப்பட்டிருந்தது.

எதிர் மேசையிலிருந்து தனுஷன் எழுந்து வந்தான். வேலையில் அவளுக்கு மூத்தவன்.

"என்ன தங்கச்சி?"

"மழைமானியிட்ட சிக்கி நிக்குதுண்ணே. மறுபடி தொடங்கப் போறேன்."

"கேட்டுட்டுச் செய்."

அவள் கேட்கவில்லை. கட்டளையைத் தட்டினாள். சற்று நேரத்தில் போனில் சைரன் ஒரு வெட்டு வெட்டி நின்றது. அதற்குப் பின்னால் சிரிப்புச் சத்தம்.

"ஒம் பொட்டி கொட்டாவி விட்டுச்சி," என்றாள் வீரம்மா. "தூங்கி எந்திரிச்சிருக்கு. இனி சரிதானே?"

ஜெயந்தினி திரையைப் பார்த்தபடி இருந்தாள். பெட்டி விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. காலை அளவு, அதற்கு மேல் கொஞ்சம். நடுவில் பெய்த மழை முழுதும் அதன் கணக்கில் இல்லை. எல்லையைத் தொட மாலைவரை பெய்ய வேண்டும்.

மறுகரைப் பெட்டியின் அளவைப் பார்த்தாள். அதை லயத்துப் பெட்டியின் கணக்கில் கையால் எழுதத் தொடங்கினாள்.

"அது பொய்க் கணக்கு," என்றான் தனுஷன்.

"இதவிட அதுதாண்ணே உண்மைக்குக் கிட்ட."

"மலை எறங்கலன்னா பெட்டியக் கழட்டி எறிஞ்சிருவாங்க. பெறகு நெசமாவே வர்றப்போ என்ன செய்வே?"

அவள் கடைசி எண்ணையும் போட்டாள். தட்டிவிட்டாள்.

இந்த முறை சைரன் நிற்கவில்லை. போன் முழுக்க அதுதான் கேட்டது. கதவுகள் அடித்தன. ஒரு குழந்தை வீறிட்டது.

"இது கொட்டாவி இல்ல!" என்று யாரோ கத்தினார்கள். அமிர்தநாதனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "மேல மண்ணு வெடிச்சிருக்கு, நான் பாத்துட்டேன்! வெளிய வாங்க எல்லாம்! டேய், டிவியத் தூக்காத, ஒம் பொண்டாட்டியத் தூக்கு!"

"போறேன் புள்ள," என்றாள் வீரம்மா. இணைப்பு அறுந்தது.

அதன் பிறகு ஜெயந்தினியால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. மழை அளவு ஏறியது. பிறகு லயத்துப் பெட்டியிடமிருந்து செய்தி வருவது நின்றது. 'இயங்குகிறது' என்ற சொல் போய், அந்த இடம் வெறுமையானது.

போன் அடித்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது.

"மலை எறங்கிருச்சி," என்றாள் வீரம்மா. "லயத்துல பாதி இல்ல. நம்ம வீடு இல்ல."

"எல்லாரும் இருக்கீங்களா?"

மறுபுறம் யாரோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அமிர்தண்ணே இல்ல புள்ள. ஸ்கூல் வாசல் வரைக்கும் வந்தவரு. கன்னு போட்ட மாடு கட்டிக் கெடக்குன்னு திரும்பி எறங்கிட்டாரு. அவரு சம்சாரம் சிசிலி கையப் புடிச்சி இழுத்திச்சி. ஒதறிட்டுப் போயிட்டாரு."

மறுநாள் காலை ஜெயந்தினியும் தனுஷனும் பஸ்ஸில் போனார்கள். வீதி அடைபட்ட இடத்தில் இறங்கி நடந்தார்கள்.

"அங்க ஒண்ணும் பேசாத," என்றான் தனுஷன். "கேட்டா, ஆபீஸ் சொல்லும்னு சொல்லு. நீ சைரன் அடிச்சதாலதான் இத்தன பேரு இருக்காங்க. அதோட விட்டுரு."

பள்ளிக்கூடத்தில் ஈரத் துணிகள் வாங்குப் பலகைகளின்மேல் காய்ந்தன. வீரம்மா மகளைப் பார்த்ததும் அழவில்லை. சிசிலி இருந்த மூலையைக் கண்ணால் காட்டினாள். அமிர்தநாதனின் உடலை விடிந்த பிறகுதான் எடுத்திருந்தார்கள்.

ஜெயந்தினி போய் சிசிலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சிசிலிதான் முதலில் பேசினாள்.

"பொட்டி காலையிலேயே நின்னு போச்சாமே. ஒங்கம்மா சொன்னா."

"ஆமா அத்தை."

"நின்னது அதுக்கே தெரியாதா?"

தனுஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லிக்கிட்டேதான் இருந்திச்சி. விடியலேருந்து. ஆனா தனக்குள்ளேயே எழுதி வச்சிக்கிச்சி. வெளிய சத்தம் போட வேணாம்னு அதுக்கு நாங்க சொல்லி வச்சிருந்தோம்."

சிசிலி சேலைத் தலைப்பில் காய்ந்த சேற்றைச் சுரண்டினாள்.

"காலையிலேயே ஊதியிருந்தா மாட்டையும் அவுத்துக்கிட்டு ஒண்ணா வந்திருப்போம்," என்றாள்.

"ஆமா."

வெளியே மறுபடி தூறத் தொடங்கியது. கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"மாடு கீழ் ரோட்டுல நிக்குதாம்," என்றாள் சிசிலி. "கன்னும் கூட நிக்குதாம். யாராச்சும் போய்க் கறக்கணும். மடி கட்டிக்கும்."

யாரும் எழவில்லை. அவளே எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளி தேடினாள்.