வந்த வேலை முடிந்ததா?

அலுவலக நிர்வாகம் படிக்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துவதைவிட வேலை கொடுப்பதுதான் அதிகம். கல்லூரியின் தரைத்தளத்தில் கடைசி அறையை ஓர் அலுவலகமாகவே ஆக்கி வைத்திருக்கிறேன். வரவேற்பு மேசை, தபால் தட்டுகள், தேதி முத்திரை, எங்கேயும் இணைப்பு இல்லாத நான்கு தொலைபேசிகள். கம்பெனி பொய்தான், வேலை பொய்யில்லை. திங்கள்தோறும் பதவிகள் மாறும். போன வாரம் மேலாளராக இருந்தவள் இந்த வாரம் தபாலுக்கு எண் போடுவாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது.

'வருகையாளரை இன்முகத்துடன் வரவேற்க வேண்டும்' என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதினால் இரண்டு மதிப்பெண். கொதித்துப்போய் வந்து நிற்கிற மனிதர் முன்னால் அந்த வரி எதற்கும் உதவாது. அதனால் மாதம் ஒருமுறை யாரையாவது வரவழைத்துச் சண்டை போடச் சொல்வேன். போன மாதம் என் தம்பி வந்து கத்திய கத்தலில், வரவேற்பில் இருந்தவன் வருகையாளர் பதிவேட்டைத் தலைகீழாக நீட்டினான்.

அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் யாரும் உள்ளே போக முடியாது. நானும்தான். பெயர், நேரம், வந்த காரணம். கடைசிக் கட்டத்தை வந்தவரே திரும்பும்போது நிரப்ப வேண்டும்: வந்த வேலை முடிந்ததா? நான் எட்டு வருடமாகச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

அந்த அறை எங்கள் முதல்வரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது புதுக் கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன, வைக்க இடம் வேண்டும், பொம்மை வைத்து விளையாட ஓர் அறையா என்று கேட்டார். வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார். அறை போனால் மறுபடியும் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதுதான் என் பிழைப்பு. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. பயந்தால் சொதப்புவார்கள். ஆய்வாளர் கண் முன்னால் அவர்கள் ஒரு சண்டையைச் சமாளித்துக் காட்டட்டும் என்று, அதே நாளில் என் நாத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். சண்டைக்கு அவளுக்கு ஒத்திகையே வேண்டாம். வியாழக்கிழமை ஒருவர் வருவார் என்று மட்டும் வகுப்பில் கோடி காட்டி வைத்தேன்.

அன்று பத்து மணிக்கு நான் முதல்வர் அறையில் உட்கார்ந்து, ஆய்வாளருக்கு எந்த நாற்காலியைப் போடுவது என்ற பெரிய பிரச்சினையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் போன் செய்தாள். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, பதினொன்றரை ஆகும் என்றாள். போனை வைத்த கையோடு, தபால் பிரிவுப் பெண் ஒரு கடிதத்தை நீட்டினாள். எண், தேதி முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

'மிஸ், நீங்கள் அனுப்பியவர் 9.50க்கே வந்துவிட்டார். அறையை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார். பிரமாதமாக நடிக்கிறார். வரவேற்பு.'

நாத்தனார் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள் என்றால், வந்திருப்பது ஆய்வாளரேதான். முதல்வரிடம் காட்டினேன். இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

அந்த வாரம் வரவேற்பில் இருந்தவளை வகுப்பே 'வாயில்லாப்பூச்சி' என்றுதான் கூப்பிடும். முதலாண்டு முழுக்க அவள் குரலை யாரும் கேட்டதில்லை. அவள் எழுந்து எங்கள் முன்னால் பதிவேட்டை வைத்தாள்.

"நான் யாருன்னு தெரியும்ல?" என்றார் முதல்வர்.

"தெரியும் சார். கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்க. உள்ள மீட்டிங் நடக்குது, முடிஞ்சதும் கூப்பிடுறேன்." பிறகு என் பக்கம் குனிந்து, "சாரையே நடிக்க வச்சுட்டீங்களே மிஸ்," என்று கிசுகிசுத்தாள்.

உள்ளே இருப்பவர் நிஜமான ஆய்வாளர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவள் மறுபடி வாயில்லாப்பூச்சி ஆகிவிடுவாள். யார் வந்தாலும் வேலை ஒன்றுதான் என்று எட்டு வருடமாகச் சொன்னவள் நான். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வந்த காரணம்: உதவி செய்ய. முதல்வரும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

அலமாரித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆய்வாளரின் கறாரான குரலும், அந்த வார மேலாளராக இருந்த பையனின் குரலும் கேட்டன. அறையை எடுக்க உத்தரவு நகல் இருக்கிறதா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றார். குறித்துக்கொண்டான். எதற்காக அறை வேண்டும் என்று கேட்டான். கம்ப்யூட்டர் என்றார். உடனே இடப் பயன்பாட்டுக் கோப்பை எடுத்தான். பருவத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கட்டடம் முழுக்க மணிக்கு மணி சுற்றவிட்டு, எந்த அறை ஓடுகிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்று குறிக்கச் சொல்வேன். அந்தக் கோப்பு.

"இந்த அறை வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் ஓடுது மேடம். மாடி ஹால் இந்தப் பருவத்துல ரெண்டே நாள்தான் திறந்திருக்கு. இதைவிடப் பெருசு, பிளக் பாயின்டும் நிறைய இருக்கு. உங்களுக்கு வேண்டியது ஒரு அறைதானே, இந்த அறையேதான்னு இல்லையே?"

உள்ளே கோப்பின் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. மாடி ஹால் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் வாயைத் திறக்கவில்லை. முதல்வர் தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

ஆய்வாளர் கூட்டக் குறிப்பின் நகலோடு வெளியே வந்தார். தன்னைப் பற்றி இவர்களிடம் என்ன சொல்லி வைத்தீர்கள் என்று நேராக என்னிடம் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலை மேடம். நீங்க நான் அனுப்புன ஆளுன்னு நெனச்சிட்டாங்க."

வாயில்லாப்பூச்சியின் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் பதிவேட்டை நேராகத் திருப்பி, பேனாவை நீட்டினாள். "கடைசிக் கட்டம், மேடம்."

ஆய்வாளர் அவளையே பார்த்தார். பிறகு எழுதினார்: 'இல்லை. இந்த அறை இப்படியே இருக்கட்டும்.' முதல்வரிடம் மாடிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தார். முதல்வர் தன் கட்டத்தை நிரப்பாமலே பின்னால் ஓடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

பதினொன்றரைக்கு நாத்தனார் வந்து, பையை மேசைமேல் தொப்பென்று போட்டாள். வாயில்லாப்பூச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உக்காருங்கம்மா," என்றாள். "முதல்ல தண்ணி குடிங்க. என்ன நடந்துச்சுன்னு நிதானமா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கத்துவதற்கென்று மூச்சை இழுத்து வைத்திருந்த நாத்தனார், மெல்ல உட்கார்ந்தாள்.

நான் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"மிஸ், உங்க கட்டம் காலியா இருக்கு."

திரும்பி வந்து பேனாவை வாங்கினேன். 'உதவி செய்ய' என்ற வரியின் கடைசியில், வந்த வேலை முடிந்ததா என்ற கட்டத்தில், 'தேவைப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.