தம்பி மேட்டுக்கு வழி

பழைய ஐஸ் தொழிற்சாலையை மீனவர் சங்கம் அருங்காட்சியகமாக மாற்றியபோது, ஒரு சுவர் முழுக்கக் கடல் வரைபடம் மாட்டினார்கள். எங்கே வலை போட்டால் மீன் படும் என்று வயதானவர்களைக் கேட்டுக் கேட்டு, சங்கத்தின் எழுத்தர் அதில் குண்டூசி குத்தி வைத்தாள். கடலில் முகவரி என்பது கரையில்தான் இருக்கிறது. படகிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் முன்னால் மணிக்கூண்டு வந்து நிற்க வேண்டும். வலது பக்கம் இன்னொரு ஜோடியும் அப்படியே பொருந்த வேண்டும். இரண்டும் ஒருசேரப் பொருந்தினால் படகுக்கு அடியில் மீன் அண்டும் பாறை.

திறப்பு விழாவுக்கு நங்கூரமும் போயிருந்தார். ஊரை விட்டு அசையாத மனிதர் என்பதால் வந்த பட்டப்பெயர். மனைவி போய்ச் சேர்ந்து, மகள் கல்யாணமாகி வெளியூர் போய், போன மழைக்காலத்தில் தம்பியும் கண்ணை மூடியபின், வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

வரைபடத்தின் முன் நின்று ஒவ்வொரு குண்டூசியாகப் பார்த்தவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அத்தனையும் பொய். அக்கா புருஷன் வலைக்காரர் சொன்ன இடம் வெறும் சேறு. கூட்டாளி கோணவாயர் சொன்ன இடத்தில் போட்டால் வலைதான் கிழியும். மீன்படும் இடத்தை அடுத்தவனிடம் சொல்லாமலே பிழைத்தவர்கள். கேட்டது சொந்தச் சங்கம் என்றாலும் நாக்கு பழக்கத்தை விடவில்லை. இருவரும் அவர் பக்கத்திலேயே, ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றிருந்தார்கள்.

தன் குண்டூசிக்கு வந்ததும் நங்கூரத்தின் சிரிப்பு நின்றது. ‘தம்பி மேடு’ என்று அழகாக எழுதி, மேடே இல்லாத இடத்தில் குத்தியிருந்தது. அவர் சொன்ன பொய்தான். அந்தக் கடலடி மேட்டைக் கண்டுபிடித்தவன் தம்பி. தன்னையும் அவனையும் தவிர யாருக்கும் தெரியாது. தனக்கும் ஒன்று ஆகிவிட்டால் தம்பியின் பெயர் காலத்துக்கும் சேற்றின்மேல் நிற்கும்.

கூட்டம் கலைந்ததும் எழுத்தரிடம் போனார். அவள் அவருக்கு அக்கா மகள்.

“நான் சொன்னது தப்பும்மா. மாத்திக் குத்திடு.”

“காலையில கோணவாயரும் இதையேதான் சொன்னாரு மாமா. அவரு சொன்னபடி மாத்தினேன். இப்ப அவரோட பாறை பஸ் ஸ்டாண்டுல இருக்கு.”

பெற்ற அப்பாவே தன்னிடம் உண்மை சொல்லவில்லை என்று அலுத்துக்கொண்டாலும், சரியான அடையாளத்தைச் சொல்லுங்கள் என்றாள். மில் புகைபோக்கி என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். புகைபோக்கியை இடித்து அடுக்குமாடி கட்டி வருடக்கணக்காகிவிட்டது. மேடு அங்கேயேதான் இருக்கிறது. அதற்குப் போகும் வழிதான் கரையில் இல்லை.

மறுநாள் கோணவாயரின் சின்னப் படகை, காற்று வாங்கப் போவதாகச் சொல்லி இரவல் வாங்கினார். குத்துமதிப்பாகத் துடுப்புப் போட்டுப் போய், கடலடி மண் ஒட்டிவர ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கினார். சேறு ஒட்டி வந்தது. தள்ளிப் போய் இறக்கினார், கறுப்பு மணல். வெயில் உச்சிக்கு ஏறி, தோள் கழன்று போகும்போல ஆனபின், சிவப்புச் சிப்பித்தூள் ஒட்டி வந்தது. தம்பி மேட்டில் மட்டும் கிடைக்கும் தூள்.

“கிடைச்சிடுச்சுடா” என்று திரும்பினார். முன்பலகையில் ஈரக்கயிறுதான் சுருண்டு கிடந்தது.

கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஐஸ் தொழிற்சாலைக் கூரைக்கு நேர் பின்னால் செல்போன் கோபுரம். அடுக்குமாடியின் மூலையில் ஆஸ்பத்திரியின் நீலத் தொட்டி. மறக்காமலிருக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு கரை சேர்ந்தார்.

எழுத்தரிடம் அதை அப்படியே ஒப்பித்தார். அவள் குண்டூசியை மாற்றிக் குத்தினாள்.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலமே வலைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “பார்றா, நங்கூரமே நகர்ந்துடுச்சு” என்றார். அங்கே போனால் தவளைகூடச் சிக்காது என்று கோணவாயர் சத்தியம் செய்தார்.

விடிந்ததும் நங்கூரம் மொட்டைமாடியில் ஏறி நின்றார். படகுகள் ஒவ்வொன்றாகத் துறையை விட்டுக் கிளம்பி இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரிந்தன. தம்பி மேட்டுப் பக்கம் ஒன்றாவது திரும்பும் என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்தப் பக்கம் மட்டும் கடல் காலியாகவே கிடந்தது.

வாய்ச்சொல்லை நம்பாதவர்கள் மீன் நிறைந்த கூடையைப் பார்த்தால் நம்புவார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூண்டிற்கயிறு எடுக்கக் கீழே இறங்கினார்.