வாய் திறக்காத ஆலோசகர்

மனித மனத்தை முழுதாக அளந்தவர்கள் உலகில் இருவரே என்பது பேராசிரியரின் முடிவு. இன்னொருவர் யாரென்று அவர் சொன்னதில்லை. அவருடைய மேற்பார்வையில்தான் முதுகலை மாணவர்கள், வருபவரின் வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் மனநல ஆலோசனை வழங்கினார்கள்.

அவர்களில் ஒரு மாணவிக்கு வாய்த்தவர் ஒரு பஸ் டிரைவர். விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைக் கண்டாலே அவருக்குக் கை உதறியது. அவள் வாராவாரம் கேள்விகளால் துளைத்தும், "நல்லாத்தான் இருக்கேன்மா" என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. இன்றும் பேசாவிட்டால் இனி வரமாட்டார், அவர் வேலையும் போய்விடும்.

அன்று அவள் வாயே திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னம்மா, கேள்வியெல்லாம் ஸ்டாக் தீந்துடுச்சா?" என்று சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும் தானாகவே ஆரம்பித்தார். "அடிபட்ட ஆளு பிழைச்சுட்டாருதான். ஆனா பிரேக் போட்ட சத்தம் என் காதை விட்டுப் போகலம்மா." பிறகு பேசினார், அழுதார், மூக்கைச் சிந்தினார், மறுபடி பேசினார்.

அடுத்த மாதம் ஆலோசனை அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தபடி போனது. ஓட்டியவர் அவர்தான். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அசைக்கவும் செய்தார்.

பேராசிரியர் வகுப்பைக் கூட்டினார். "மௌனத்தோட வலிமை இதுதான். நான் சொல்லிக் கொடுத்தது." கைதட்டல் ஓயவில்லை. மாணவி அடக்கமாகத் தலைகுனிந்தாள்.

டிரைவர் மனம் திறந்த அன்று அவளுடைய மேல்பல்லும் கீழ்ப்பல்லும், வரவேற்பறையில் எடுத்து வாயில் போட்ட டாஃபியில் ஒட்டிக்கொண்டிருந்தன.